‘அதே’வும் ‘அதே மாதிரி’யும்

நடுராத்திரியில் அடுத்த அறையிலிருந்து ஒரு ‘டிக்’. ஏழெட்டு விநாடிக்கு ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். மறுபடி ‘டிக்’. அப்புறம் அமைதி. இரண்டு மூன்று நிமிடம் கழித்து அதே கச்சேரி முதலிலிருந்து. தூக்கக் கலக்கத்தில் பல்லி என்று நினைத்துப் புரண்டு படுத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, ராத்திரி முழுக்கக் குரல் கொடுத்தது பல்லி இல்லை, பெட்டி ஃப்ரீசரின் கம்ப்ரஸர். மேலே இருந்த பொட்டலங்கள் விரலால் அழுத்தினால் குழிந்தன.

முதலில் வந்த மெக்கானிக் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார், மூடியை ஒருமுறை திறந்து மூடினார், தீர்ப்பு சொல்லிவிட்டார். “கேஸ் போயிருச்சு சார். கட் பண்ணி புதுசா ஏத்தணும்.” எங்கே லீக் ஆகிறது என்று கேட்டேன். “லீக்கெல்லாம் இல்ல சார், நாள்பட்டா தானா குறையும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். ஃப்ரீசருக்குள் இருக்கும் கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சமாச்சாரம் இல்லை. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டை விழாத வரை இருபது வருடம் கழித்தும் அளவு அப்படியேதான் இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் மேலே ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். இன்னொன்று, கேஸ் குறைந்த ஃப்ரீசர் இப்படி ‘டிக்’ போடாது. கம்ப்ரஸர் கிளம்பிவிடும், ஓய்வே இல்லாமல் ஓடும், ஆனால் குளிர் ஏறாது. உட்சுவரில் ஓரிடத்தில் மட்டும் பட்டையாக ஐஸ் பிடித்திருக்கும், மற்ற இடமெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். என் பெட்டியில் கம்ப்ரஸர் கிளம்பவே இல்லை. நோய் வேறு.

இரண்டாவதாக வந்தவர் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணன். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, ப்ளக்கைப் பிடுங்கிட்டியா?” அதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் குனிந்தார். கம்ப்ரஸரின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி. தட்டை முனை ஸ்க்ரூ டிரைவரால் அதன் கம்பிக் கிளிப்பை நெம்பினார். உள்ளே தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு டப்பா. மெதுவாக இடவலமாக ஆட்டி இழுத்ததும் கையோடு வந்தது. அதை என் காதருகே கொண்டுவந்து குலுக்கினார். கிலுகிலுப்பை. “கேட்டுச்சா? உள்ள வில்லை உடைஞ்சிருச்சு. கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கும், பாரு.”

அந்த டப்பாதான் ஸ்டார்ட்டிங் ரிலே. பி.டி.சி. ரிலே என்பார்கள். பெயர்தான் ரிலே, உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லை. பீங்கான் போன்ற ஒரு சின்ன வில்லை, இரண்டு தகடுகளுக்கு நடுவில். குளிர்ந்திருக்கும்போது அது மின்சாரத்தைத் தாராளமாக விடும். கம்ப்ரஸருக்குள் இரண்டு சுருள்கள் உண்டு: எப்போதும் ஓடுவதற்கு ஒன்று, கிளம்பும்போது ஒரு உந்தல் கொடுப்பதற்கு ஒன்று. வில்லை வழியாக உந்தல் சுருளுக்கு மின்சாரம் போகும். போன வேகத்தில் வில்லை சூடாகி, அதன் தடை ஆயிரம் மடங்குக்குமேல் எகிறி, ஓரிரு விநாடியில் அந்த வழி தானாக அடைபட்டுவிடும். வில்லை உடைந்தால் உந்தல் கிடையாது. ஓடும் சுருள் மட்டும் முக்கி முனகும், மின்சாரத்தை அளவுக்குமேல் இழுக்கும், பக்கத்திலேயே இருக்கும் ஓவர்லோட் என்ற காவல் சுவிட்ச் சூடாகி இணைப்பைத் துண்டிக்கும். ‘ம்ம்ம்… டிக்’ என்பதன் பொழிப்புரை இவ்வளவுதான்.

மின்சாரம் போய் உடனே வந்தாலும் இதே சத்தம் கேட்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். வில்லை இன்னும் ஆறியிருக்காது. குழாய்க்குள் ஒருபக்கம் அழுத்தம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் நின்றிருக்கும். அந்த எதிர்ப்பை மீறிக் கம்ப்ரஸரால் கிளம்ப முடியாது. ஐந்து நிமிடம் விட்டால் தானே ஓடும். மூன்று நிமிடத் தாமதம் வைத்த ஸ்டெபிலைசர் விற்பதெல்லாம் இதற்காகத்தான். அரை மணி நேரம் கழித்தும் டிக் டிக் என்றால்தான் மூடியைக் கழற்ற வேண்டும்.

அண்ணன் அன்றைக்குக் கற்றுக்கொடுத்த இன்னொரு வித்தை, மல்டிமீட்டர் வைத்து மூன்று ஊசிகளை அளப்பது. ரிலேயைப் பிடுங்கினால் கம்ப்ரஸர் உடம்பில் மூன்று ஊசிகள் தெரியும்: பொதுவானது, ஓடும் சுருளுக்கு, உந்தல் சுருளுக்கு. இரண்டிரண்டாகத் தொட்டு ஓம் அளவு எடுத்தால் மூன்று எண்கள் கிடைக்கும். என்னுடையதில் 13, 18, 31. சின்னது இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். வந்தால் சுருள்கள் நலம். பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் கம்ப்ரஸரின் வெறும் உலோகத்துக்கும் நடுவே அளந்தால் எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் சுருள் உடம்போடு ஒட்டியிருக்கிறது, கதை முடிந்தது. கெப்பாசிட்டர் உள்ள ஃப்ரீசர் என்றால், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் அது மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதன் சார்ஜை இறக்காமல் கையை நீட்டினால் நன்றாகவே நினைவில் நிற்கும்.

சரி, நோய் தெரிந்துவிட்டது. ரிலே வாங்க வேண்டும். உடைந்ததைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து அச்சு அசலாக இன்னொன்றை எடுத்து வைத்தார். “இதே மாதிரிதான் சார், எல்லாத்துக்கும் சேரும்.” ஊசி பொருந்தியது, நிறம் பொருந்தியது. ஆனால் ஓவர்லோடும் சேர்ந்த ஜோடி அது, அதன் உடம்பில் இருந்த எண் என்னுடையதில் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். “ரிலே ஓரளவுக்கு முன்னப்பின்ன இருந்தாலும் ஓடும் தம்பி. ஓவர்லோட் அப்படி இல்ல. அந்தக் கம்ப்ரஸருக்குன்னு வச்ச அளவு அது. பெரிசு போட்டா டிக் சத்தமே வராது, நேரா புகைதான் வரும்.”

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போதைய வீட்டு ஃப்ரீசர்கள் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற கேஸில் ஓடுகின்றன. அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. அதனால் வீட்டுச் சாதனங்களில் 150 கிராமுக்குமேல் நிரப்பக் கூடாது என்று சர்வதேசத் தர விதி வரம்பு கட்டியது; பெரும்பாலானவற்றில் அதைவிடவும் நன்றாகக் குறைவாகவே இருக்கும். தீப்பிடிக்கும் வாயு ஓடும் இடத்தில் பொறி பறக்கும் பழைய ரக ரிலேயை மாட்டுவது நல்ல யோசனை இல்லை. ஊசி பொருந்துகிறதே என்பது அங்கே பதிலாகாது.

அன்றைக்கு மனதுக்குள் ஒரு கோடு போட்டேன். ஃப்ரீசரின் பாகங்கள் இரண்டு ஜாதி. சிலவற்றுக்கு ‘அதே’ வேண்டும்; சிலவற்றுக்கு ‘அதே மாதிரி’ போதும். எது எந்தப் பக்கம் என்று தெரியாமல்தான் நாம் ஒருபக்கம் ஏமாறுகிறோம், இன்னொரு பக்கம் வீணாக அலைகிறோம். கோடு போட்டுவிட்டேனே தவிர, இரண்டே வருடத்தில் அதை நானே மீறினேன்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில். குளிரின் அளவைப் பார்த்துக் கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் பாகம் அது. பழையது இறந்துவிட்டது. அதன் மெல்லிய வால் குழாய்க்குள் இருந்த வாயு கசிந்துவிட்டால், தெர்மோஸ்டாட் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு கம்ப்ரஸரைக் கிளப்பவே கிளப்பாது. மின்சாரத்தைத் துண்டித்து, அதன் இரண்டு கம்பிகளையும் கழற்றி ஒன்றாக இணைத்துவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுத்தேன், ஃப்ரீசர் ஓடியது. ஆகக் குற்றவாளி அதுதான். கைவசம் புதிதாக ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது. அதே வட்டத் தண்டு, அதே நீள வால், அதே இடத்தில் திருகு. மாட்டினேன். கம்ப்ரஸர் ஓடியது, நின்றது. நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் மாலை மூடியைத் திறந்தபோது சுவரில் இருந்த ஐஸ் பளபளத்தது. உறைந்த ஐஸ் மாவு மாதிரி மங்கலாக இருக்க வேண்டும். பளபளத்தால் அது வியர்க்கிறது என்று பொருள். தொட்டால் விரல் நனைந்தது. கம்ப்ரஸர் எப்போதோ நின்று, மணிக்கணக்காக மூச்சுக் காட்டாமல் கிடந்திருக்கிறது. அப்போதுதான் புதிய தெர்மோஸ்டாட்டை வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் படித்தேன். கே59. பழையதில் இருந்தது கே54.

ரான்கோ என்ற நிறுவனத்தின் வகை தெர்மோஸ்டாட்களில் கே59 என்பது ஃப்ரிட்ஜுக்கானது. ஃப்ரிட்ஜில் பின்சுவர் ஐஸ் ஒவ்வொரு சுற்றிலும் உருகி வழிய வேண்டும். அதனால் சுவர் பூஜ்யத்துக்கு மேலே சில டிகிரி ஏறும் வரை அது கம்ப்ரஸரைத் திரும்பக் கிளப்பாது. ஃப்ரிட்ஜில் அது புத்திசாலித்தனம். மைனஸ் 18-இல் இருக்க வேண்டிய ஃப்ரீசரில் அது நாசம். கே54 ஃப்ரீசருக்கானது, எச்சரிக்கை விளக்குக்கென்று ஒரு கூடுதல் முனையும் அதில் உண்டு. என் கையில் இருந்த இரண்டுக்கும் வெளியே தெரிந்த வேறுபாடு அந்த ஒரு முனைதான். அதையும் பார்த்தேன், ‘இது எதற்கோ, நமக்கு வேண்டாம்’ என்று அந்தக் கம்பியைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். இந்த முட்டாள்தனத்தை எழுதி வைப்பதே இன்னொருவர் அந்தக் கம்பியைச் சுருட்டக் கூடாது என்பதற்காகத்தான்.

அப்படியானால் ‘அதே’ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பக்கம் பளிச்சென்று ஒட்டியிருக்கும் பெயரால் முடியாது. அது விற்பதற்கு வைத்த பெயர். ஒரே பெயரில் ஐந்து வருடமாக ஐந்து விதமான இயந்திரங்கள் வந்திருக்கும். உண்மை இருப்பது தகவல் தகட்டில். பின்பக்கம், கம்ப்ரஸர் அறைக்கு மேலே, சிலவற்றில் பக்கவாட்டில், வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். பெட்டி ஃப்ரீசரைச் சுவரோடு வைத்துவிடுவோம், அப்புறம் அதை நகர்த்த நாலு பேர் வேண்டும். ஆகவே என் முதல் யோசனை, வாங்கின அன்றே, பொருளை நிரப்புவதற்கு முன்பே, அந்தத் தகட்டையும் கம்ப்ரஸர் மேலிருக்கும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டா பி-யா, பூஜ்யமா ஓ-வா என்று டார்ச் அடித்துத் தலைகீழாகக் குனிந்து பார்க்கிற பாடு பிற்பாடு மிச்சமாகும். எனக்கு ஒருமுறை இரண்டு வாரம் தாமதமானது ஒரு 5-ஐ எஸ் என்று படித்ததால்.

தகட்டில் முழு மாடல் எண் இருக்கும். சாய்கோட்டுக்குப் பிறகு வரும் 01, 02-வையும் விடக் கூடாது. பார்க்க வால் போல இருந்தாலும் தயாரிப்பில் என்ன மாற்றினார்கள் என்பதைச் சொல்வது அதுதான். சில நிறுவனங்கள் மாடல் எண்ணைவிடப் பெரிதாக ஒரு தயாரிப்பு எண் கொடுப்பார்கள். உதிரி பாகம் தேடுபவருக்கு அதுதான் சாவி. வரிசை எண்ணும் வேண்டும். பாதி உற்பத்தியில் கேஸ்கெட்டை (மூடியின் ரப்பரை) மாற்றிவிட்டு, இந்த எண்ணுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று பட்டியலிடுவது சாதாரணம். அப்புறம் கேஸின் பெயரும் கிராம் கணக்கில் அதன் எடையும். எந்த மெக்கானிக் கேஸ் ஏற்ற வந்தாலும் தராசு கொண்டுவந்திருக்கிறாரா என்று பாருங்கள். ஆர்600ஏ-வில் சில கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஃப்ரீசர் காட்டிக்கொடுத்துவிடும். குழாயை வெட்டித் திறந்தால், ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றாமல் மூடக் கூடாது. காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே போய்க் கேபிலரி என்ற மிக மெல்லிய குழாயின் வாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அதே தகட்டில் எஸ்.என்., என்., எஸ்.டி., டி. என்று ஓரெழுத்து ஈரெழுத்தில் ஒரு குறி இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அது தட்பவெப்ப வகுப்பு. என். என்றால் 16 முதல் 32 டிகிரி வரை உள்ள அறைக்குச் செய்தது, எஸ்.டி. 38 வரை, டி. 43 வரை. எஸ்.என். கீழே 10 டிகிரி வரை தாங்கும். 32 வரைக்கும் செய்த பெட்டியைத் தகரக் கூரைக்கு அடியில் வைத்துவிட்டு, கம்ப்ரஸர் நிற்கவே மாட்டேன் என்கிறது, பாகம் மாற்ற வேண்டுமா என்று கேட்டால் மாற்ற வேண்டியது பாகம் இல்லை, இடம்.

கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் எல்.பி.பி. என்ற எழுத்துகள் இருந்தால் அது தாழ்வெப்ப வேலைக்கானது, ஃப்ரீசருக்கு அதுதான். குதிரைத்திறன் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர்க் கூலரின் கம்ப்ரஸரையோ, ஆர்134ஏ என்ற இன்னொரு கேஸுக்குச் செய்ததை ஆர்600ஏ பெட்டியிலோ மாட்டினால் ஓடுவது போலத் தெரியும், அவ்வளவுதான். எண்ணெய் வேறு, உள்ளே தள்ளும் கொள்ளளவு வேறு.

பாகப் படம் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இயந்திரத்தைப் பிரித்து அந்தரத்தில் மிதக்கவிட்ட மாதிரி வரைந்திருப்பார்களே, அதில் பாகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 14, 27 எல்லாம் படத்தில் இடம் காட்டும் எண். பாக எண் கீழே அட்டவணையில் நீளமாக இருக்கும். இடம் காட்டும் எண்ணைச் சொல்லி யாரோ ஒருவருக்கு விளக்குக்குப் பதில் சக்கரம் வந்த கதை உண்டு. தேடிய எண் ‘இல்லை’ என்றாலும் மனம் தளர வேண்டாம். நிறுவனங்கள் பழைய எண்ணை மூடிவிட்டு அதே பாகத்துக்குப் புது எண் கொடுப்பார்கள். பழையது எதுவாக மாறியது என்று கேட்க வேண்டும். ஒரே தொழிற்சாலை பல பெயர்களில் பெட்டி செய்து கொடுப்பதும் உண்டு. உங்கள் பெயரில் கிடைக்காதது பங்காளி வீட்டுப் பெயரில் அலமாரி நிறைய இருக்கலாம்.

கேஸ்கெட் இந்த இரண்டு ஜாதிக்கும் நடுவில் நிற்பது. மூடியைச் சுற்றி ஓடும் காந்த ரப்பர். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் கொண்டுவந்த விதியில், ஒரு மாடலின் கடைசிப் பெட்டி விற்பனைக்கு வந்த பிறகும் கைப்பிடி, கீல், கூடை போன்றவை குறைந்தது 7 வருடமும், கதவு கேஸ்கெட் 10 வருடமும் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. மற்றவற்றைவிட ரப்பருக்கு மூன்று வருடம் கூடுதல். அதன் தலையெழுத்து தெரிந்தவர்கள் எழுதிய விதி. கேஸ்கெட் போய்விட்டதா என்று பார்க்க எல்லோரும் சொல்வது காகிதச் சோதனை: துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது டார்ச் சோதனை. எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடிவிட்டு, அறையை இருட்டாக்கி, பெட்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம். வெளிச்சக் கீற்று எங்கே தெரிகிறதோ அங்கேதான் காற்று நுழைகிறது. உள்ளே பார்த்தாலும் அதற்கு நேராகத்தான் ஐஸ் தடித்திருக்கும்.

இதற்காக உடனே புது ரப்பர் வாங்க ஓட வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மடிப்புக்குள் இருக்கும் அழுக்கைத் துடைத்தாலே பாதி சரியாகும். நசுங்கின இடத்தில் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி விரலால் இழுத்துவிட்டால் ரப்பர் எழும். என் பெட்டியில் இவ்வளவும் செய்தும் வலது மூலையில் கீற்று போகவில்லை. புது கேஸ்கெட் சொல்லிவிட்டேன். அது வரும் முன், யதேச்சையாகத் தரையைக் கழுவும்போது கவனித்தேன், தண்ணீர் அந்த மூலை நோக்கி ஓடுகிறது. பெட்டியின் ஒரு கால் அந்தரத்தில் நின்றிருக்கிறது. உள்ளே இருக்கும் பாரத்தில் பெட்டி இம்மியளவு முறுக்கிக்கொண்டு மூடியோடு சேரவில்லை. கட்டையான ஒரு பிளாஸ்டிக் துண்டை அடியில் கொடுத்ததும் கீற்று மறைந்தது. புது கேஸ்கெட் இன்னும் அலமாரி மேல் இருக்கிறது.

வாங்கத்தான் வேண்டும் என்றால், அளவு எங்கிருந்து எங்கே என்று கேட்டுவிட்டு அளக்க வேண்டும். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு ஒரு கணக்கு. பள்ளத்துக்குள் செருகும் அம்பு முனையிலிருந்து எதிர்ப்பக்க அம்பு முனை இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் நடுவே விரற்கடை வித்தியாசம் வந்துவிடும். ரப்பரின் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவமும் பொருந்த வேண்டும். நீள அகலம் பொருந்தி வடிவம் மாறினால் மூடி உட்காராது. திருகு வைத்துப் பிடித்த ரகத்தில் எல்லாத் திருகையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள், தளர்த்தினால் போதும். மூடி கோணாமல் இருப்பதே அந்தத் திருகுகள் உள்தகட்டைப் பிடித்திருப்பதால்தான். கீலைக் கழற்றுவதாக இருந்தால் அதற்குள் முறுக்கேறின ஸ்பிரிங் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். விடுபட்டால் பாயும்.

இனி, சொல்ல வெட்கமான கதை. இப்போதுள்ளது என் இரண்டாவது ஃப்ரீசர். முதலாவதைக் கொன்றது நான். ஐஸ் இரண்டு விரல் கனத்துக்குச் சேர்ந்திருந்தது. நேரமில்லை, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுவரோடு சாய்வாக வைத்துத் தட்டினேன். பலகை பலகையாக உதிர்ந்தது, சுகமாகத்தான் இருந்தது. நான்காவதோ ஐந்தாவதோ தட்டில் ‘ஸ்ஸ்ஸ்’ என்றது. சத்தம் மெல்லிசாக, ஒரு நிமிடத்துக்குமேல் நீண்டது. பெட்டி ஃப்ரீசரில் குளிரூட்டும் குழாய் உட்சுவருக்கு ஒட்டியே பின்னால் சுற்றிப் போகிறது, அதற்குப் பின்னால் ஃபோம். குழாய் எங்கே ஓடுகிறது என்று வெளியே தெரியாது. துளை விழுந்தால் ஃபோமை உடைத்துத்தான் எட்ட முடியும், உடைத்தால் பெட்டி பெட்டியாக இருக்காது. எந்தப் பாகக் கடையிலும் கிடைக்காத பாகம் அது. அப்படி ஒரு சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறங்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், நெருப்பு வேண்டாம். வருத்தப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஐஸ் அரை சென்டிமீட்டர் தாண்டினால் உருக்கிவிடுகிறேன். ஐஸ் என்பது ஒரு கம்பளி. சுவரின் குளிர் பொருளுக்குப் போகாமல் தடுக்கும், கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும். பொருள் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து, மின்சாரத்தைத் துண்டித்து, எல்லாவற்றையும் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றிப் போர்வைக்குள் அடுக்கிவிட்டு, உள்ளே அகலமான பாத்திரத்தில் வெந்நீர் வைத்து மூடிவிடுவேன். கால் மணிக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றினால் ஐஸ் தானாகச் சுவரை விட்டு நழுவும், அந்த ‘தொப்’ சத்தத்துக்காகக் காத்திருப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது. பிளாஸ்டிக் கரண்டி தவிர வேறு ஆயுதம் இல்லை. கடைசியில் சொட்டு ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். விட்ட ஈரம் அத்தனையும் அன்றைக்கே ஐஸாகத் திரும்பி வரும்.

பெட்டியைச் சுற்றி ஒரு சாண் இடமும் விட வேண்டும். பல பெட்டி ஃப்ரீசர்களில் பின்னால் கறுப்புக் கம்பி வலை இருக்காது. உள்ளிருந்து எடுத்த சூடு வெளித்தகட்டின் வழியாகத்தான் போகிறது, பக்கச்சுவர் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். சுவர் சுடுகிறது என்று புகார் சொல்பவர்கள் உண்டு. ஓடும்போது சுடாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கைப்பிடி உடைந்த கதை சின்னது. மூடியைத் திறந்து மூடி, ஏதோ மறந்துபோய் உடனே மறுபடி திறக்கப் போனால் மூடி வராது. உள்ளே நுழைந்த 30 டிகிரி காற்று மைனஸ் 18-க்குக் குளிரும்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கிறது, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் இல்லை. ஒரு நிமிடம் பொறுத்தால் தானே விடும். நான் பொறுக்கவில்லை, கைப்பிடி கையோடு வந்தது. இது ‘அதே மாதிரி’ ஜாதி. திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்து வேறு எதற்கோ செய்த கைப்பிடியை மாட்டினேன், மூன்று வருடமாக நிற்கிறது. கூடையும் சக்கரமும்கூட அப்படித்தான்.

உள்ளே பொருள்களுக்கு நடுவே ஒரு தெர்மாமீட்டர் நிரந்தரமாகக் கிடக்கிறது. குமிழில் எழுதியிருக்கும் 1, 2, 3-ஐ நான் நம்புவதில்லை. மைனஸ் 18 என்ற எண் ஃபாரன்ஹீட் அளவின் பூஜ்யத்திலிருந்து வந்தது. அந்தக் குளிரில் கிருமிகள் பெருகாது; ஆனால் செத்தும் போகாது, தூங்கிக் கிடக்கும். அதனால்தான் நான் ஊரில் இல்லாதபோது மின்சாரம் போய் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கிண்ணத்தில் உறைந்த தண்ணீரின் மேல் ஒரு காசு வைத்திருக்கிறேன். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் சரி. அடியில் உறைந்து கிடந்தால் எல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. நிறைய அடுக்கின ஃப்ரீசர், மூடியைத் திறக்காமல் இருந்தால், மின்சாரம் இல்லாமலும் இரண்டு நாள் வரை தாங்கும். பாதி நிரம்பியது ஒரு நாள்.

இத்தனை எண்களையும் தேடிப் படித்து, தெர்மோஸ்டாட், ரிலே, ஓவர்லோட் எல்லாம் ‘அதே’வாகக் கண்டுபிடித்துவிட்டேன். கிடைக்காதது ஒன்றே ஒன்று. பெட்டியின் அடியில் உருகின தண்ணீர் வடியும் துளைக்கு ஒரு ரப்பர் மூடி உண்டு, கட்டைவிரல் நகம் அளவு. போன முறை ஐஸ் உருக்கியபோது தண்ணீரோடு போய்விட்டது. படத்தில் அதன் இடம் இருக்கிறது, அட்டவணையில் எண் இருக்கிறது, எண்ணைக் கேட்டால் ‘தனியாக வராது’ என்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஈரக்காற்று உள்ளே ஏறி, துளையைச் சுற்றி ஐஸ் குமிழாகப் பிடித்துவிடும். கடைசியில் ஆய்வகக் குடுவைக்குச் செய்த ஒரு ரப்பர் கார்க்கை அளந்து வாங்கிச் செருகினேன். பிங்க் நிறம், வெள்ளைப் பெட்டியில் அசிங்கமாகத்தான் தெரிகிறது. கச்சிதமாக அடைத்திருக்கிறது.